எல்லையில் விடும் இடம் வீண் இடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் வீடமைப்புப் பக்கத்தில், சிறிய காணி என்றால் பக்கத்தில் இடம் விட்டு வீணாக்காமல் சுவரை எல்லைவரை கொண்டு போகலாம் என்று ஒரு வரி வந்திருந்தது. அதை வாசித்தபின் கையில் இருந்த தேத்தண்ணி இறங்கவில்லை. நான் நாற்பது வருஷம் மேசன் வேலை செய்தவன். அப்படி வீணாக்காமல் கட்டிய வீடுகள் என் கையாலும் எழும்பியிருக்கின்றன. அதில் இரண்டு என் சொந்தப் பிள்ளைகளின் வீடுகள்.

மட்டக்களப்பில் வீடுகள் ஏன் இப்படி நெருங்கின என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. இருக்கிற வளவை இரண்டாக, மூன்றாக வெட்டுகிறோம். நானும் வெட்டினேன். மூத்தவளின் குசினிக்கும் இளையவளின் அறைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான் விட்டேன். அக்கா தங்கச்சிதானே என்று நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மாதக் கச்சான் காற்றில், மூத்தவளின் குசினியில் காஸ் பற்றியது. கடவுள் புண்ணியம், எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். நான் முற்றத்தில் நின்று கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நெருப்பு இளையவளின் சுவரைத் தொடவேயில்லை. குசினி ஜன்னலால் அடித்த வெக்கையில் முதலில் கூரையின் மழைத்தண்ணி ஓடும் பிளாஸ்டிக் பீலி வளைந்து தொங்கியது. பிறகு எதிர் ஜன்னல் கண்ணாடி வெடித்தது. உள்ளே தொங்கிய திரைச்சீலை பற்றிக்கொண்டது. அதற்குள் தாழ்வாரத்தில் கைமர நுனிகள் புகைந்து, ஓட்டுக்கு அடியால் நெருப்பு கூரைக்குள் போய்விட்டது. கல்லும் சீமெந்தும் எரியாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சுவர் எரியவில்லைதான். நான் வைத்த ஜன்னலாலும் தாழ்வாரத்தாலும் வீடு எரிந்தது.

தீயணைப்பு வண்டி வந்து ஒழுங்கை வாசலில் நின்றுவிட்டது. ஒருவர் மதிலை வெளியே இழுத்திருக்கிறார், இன்னொருவர் தகரத்தை ஒழுங்கைக்கு மேலே இறக்கியிருக்கிறார். கரண்ட் போனதால் மோட்டரும் வேலை செய்யவில்லை, கிணற்று வாளியால்தான் அள்ளி ஊற்றினோம். அந்த மதிலைப் பற்றி அதற்கு முன்பே இரண்டு தடவை எழுத்தில் முறைப்பாடு கொடுத்தவன் நான். இன்றுவரை பதில் இல்லை. கட்டட அனுமதிக்குப் படம் கீறும்போது எல்லோரும் இடம் விட்டுத்தான் கீறுகிறோம். படத்தில் உள்ள இடம் நிலத்திலும் இருக்கிறதா என்று அளவு நாடாவோடு வந்தவர்களை என் வேலைக்காலத்தில் விரல் விட்டு எண்ணலாம். குடியேற முன் எடுக்க வேண்டிய இணக்கச் சான்றிதழை வங்கி கேட்டால் ஒழிய யார் தேடுகிறார்கள்?

2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தபோது வீட்டுக்கு வீடு ரெகுலேட்டரையும் குழாயையும் பற்றித்தான் பேச்சு. ஒரு வீட்டில் பற்றினால் அடுத்த வீட்டுக்கு எத்தனை அடி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் தச்சு வேலை செய்யும் உறவுக்காரப் பொடியன் ஒருவன் சொன்னான்: அங்கே பல மாநிலங்களில் பின்பற்றும் வீட்டு விதிப்படி, எல்லைக்கு 5 அடிக்குள் வரும் சுவர் சாதாரணமாக 1 மணித்தியாலம் நெருப்பைத் தாங்க வேண்டும், 3 அடிக்குள் ஜன்னல் வைக்கவே கூடாது, 2 அடிக்குள் தாழ்வாரம் நீளக் கூடாது. அங்கே மர வீடு, இங்கே கல் வீடு என்று சிலர் வாதிடுவார்கள். ஜன்னலும் தாழ்வாரமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே ஐயா.

2017இல் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்ததைத் தாங்கள் படத்தோடு போட்டீர்கள். நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை வழியாக வெளிச்சுவரில் நெருப்பு ஏறியதை அதில்தான் அறிந்தேன். அலுமினியப் பலகை இப்போது எங்கள் ஊரில் கடை முகப்பைத் தாண்டி மாடி வீடுகளுக்கும் வந்துவிட்டது. நடுவில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. என் வளவு நெருப்பைப் பற்றி நானும் இரண்டு கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிழையான வரிக்கு இடம் கிடைத்திருக்கிறதே, அதுதான் மனதை வருத்துகிறது.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். இனிமேல் போடும் வீட்டுப் படங்களில் எல்லையிலிருந்து சுவர் எத்தனை அடி, ஜன்னல் எத்தனை அடி என்று அளவையும் சேருங்கள். தங்கள் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "மேசன், இதே மாதிரிக் கட்டித் தாங்க" என்று என்னிடமே கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இளையவளின் ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டேன். அந்த அறையில் இப்போது பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேசன்,
ஆரையம்பதி.