ஆண்டறிக்கை: மூடுபனி விதியும் ஒருநாள் கோப்பையின் வரலாறும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கோத்தகிரி வட்டார அணிகளின் தலைவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆட்ட முடிவுகள் அச்சிட்டு வழங்கப்பட்டுள்ளன. ஆகவே, நமது 50 ஓவர் சுழற்கோப்பையில் மூடுபனி போன்றவற்றால் ஆட்டம் பாதியில் நின்றால் முடிவு காணும் விதியில் செயற்குழு பரிந்துரைக்கும் ஒரு திருத்தத்தையும், அதற்குப் பின்னணியான வரலாற்றையும் மட்டுமே இவ்வறிக்கையில் விரித்துரைக்கிறேன்.

நமது போட்டிக்கு முன்மாதிரி, மாநில அணிகள் மோதும் ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பை. 1973-74இல் மண்டல அணிகளுக்கிடையே தியோதர் கோப்பை தொடங்கியது. மாநில அணிகள் 1993-94 முதல் தத்தம் மண்டலத்துக்குள் ஒருநாள் ஆட்டங்களில் மோதி வந்தன. 2002-03இல் அது அகில இந்தியப் போட்டியாக விரிந்தபோது முதல் ஆண்டிலேயே தமிழ்நாடு வாகை சூடியது. 2007-08 முதல் அது ஹசாரேயின் பெயரைத் தாங்கி நடக்கிறது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றது அவர் தலைமையில்தான் என்பதால், அப்பெயர் தமிழ்நாட்டு ரசிகர்களுக்குப் புதிதன்று.

2004-05இல் உத்தரப் பிரதேசத்துடன் கோப்பையைப் பகிர்ந்துகொண்ட தமிழ்நாடு, 2008-09, 2009-10, 2016-17 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களிலும் வங்காளத்தையே வென்றது. 2022 நவம்பர் 21 அன்று பெங்களூருவில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 2 விக்கெட்டுக்கு 506 ரன் குவித்ததையும், அதில் கோவையைச் சேர்ந்த ஜெகதீசன் 141 பந்தில் 277 ரன் அடித்ததையும் நம் இளைஞர்கள் இன்றும் பேசுகிறார்கள். எனினும் நமக்குப் பாடமாக அமைவன வெற்றிகள் அல்ல, ஆட்டம் பாதியில் நின்று தமிழ்நாடு தோற்ற இரண்டு இறுதிப் போட்டிகளே.

2019இல் பெங்களூருவில் தமிழ்நாடு 252 ரன் எடுத்தது. கர்நாடகம் 23 ஓவரில் ஒரே விக்கெட் இழந்து 146 ரன் எடுத்திருந்தபோது மழை குறுக்கிட, தடைப்பட்ட ஆட்டங்களின் முடிவைக் கணக்கிடக் கேரளப் பொறியாளர் ஜெயதேவன் வகுத்த விஜேடி முறைப்படி 60 ரன்னில் கர்நாடகம் வென்றது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது கர்நாடகத்தின் ஆட்டம்தான். 2021இல் ஜெய்ப்பூரில் நடந்ததோ வேறு. தமிழ்நாடு 314 ரன் எடுத்தது. இமாச்சலப் பிரதேசம் 47.3 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 299 ரன் எடுத்திருந்தபோது வெளிச்சக் குறைவால் ஆட்டம் நின்றது. வெறும் சராசரி ரன் விகிதப்படி கணக்கிட்டால் இமாச்சலத்தின் முன்னிலை ஒரு ரன்னுக்கும் குறைவு. கையில் ஆறு விக்கெட் மீதமிருந்ததையும் விஜேடி முறை மதிப்பிட்டதால் வெற்றி 11 ரன் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு தோற்றதில் நமக்கு வருத்தமே என்றாலும், மலைநாட்டு அணியொன்று முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியதில் உறுப்பினர் சிலருக்கு உள்ளூர மகிழ்ச்சி இருந்ததை நான் மறைப்பதற்கில்லை.

இவ்வாண்டு நமது இறுதி ஆட்டத்தில் பிற்பகல் தேநீர் இடைவேளைக்குப் பின் தேயிலைச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வந்து, லாங் ஆன் எல்லையில் நின்றவர் பந்துவீச்சாளரின் கண்ணுக்கே தெரியாமல் போனதும், ஆடுகளத்தில் விரித்த மேட்டிங் நனைந்து பந்து வழுக்கத் தொடங்கியதும், நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தியதும் அனைவரும் அறிந்தவை. நமது பழைய விதி சராசரி ரன் விகிதத்தை மட்டுமே பார்ப்பது. எனவே எட்டு விக்கெட் இழந்து தடுமாறிக்கொண்டிருந்த அணிக்கே கோப்பை சென்றது. வென்றவர்கள் மீது குறையில்லை, விதியில்தான் குறை. நமக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் கூடலூர் அணிகளுக்கு ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையும் இருக்கும்போது, கோடைக்காலத்தை விட்டால் போட்டிக்கு வேறு காலமும் இல்லை.

ஆகவே, இரண்டாவதாக ஆடும் அணி 20 ஓவரை முடிக்கும் முன் ஆட்டம் நின்றால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றும், 20 ஓவருக்குப் பின் நின்றால் இழந்த விக்கெட்டுகளையும் கணக்கில் கொள்ளும் அட்டவணைப்படியே முடிவு அறிவிக்க வேண்டும் என்றும், அந்த அட்டவணையை இடைவேளையிலேயே இரு அணித் தலைவர்களிடமும் ஸ்கோரர் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. திருத்தம் அடுத்த போட்டியிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். இவ்வாண்டின் முடிவில் மாற்றமில்லை. இதனைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைத்து, பொருளாளரைக் கணக்கு வாசிக்க அழைக்கிறேன்.

இவண்,
செயலாளர்