மெய்டன் ரசிகருங்களுக்கு: அந்த ஆறு வருஷத்த "கேப்"னு சொல்லாதீங்க

வணக்கம் மக்களே,

2007 மார்ச்சுல, இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டு அயர்ன் மெய்டன் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தப்ப, ராத்திரி ரயில் புடிச்சுப் போயி தூசிக்குள்ள நின்னு தொண்ட கட்டுற வரைக்கும் கத்துன கூட்டத்துல நானும் ஒருத்தன். அந்த உரிமைலதான் இத எழுதுறேன். போன வாரம் கையில மெய்டனோட சின்னமான எட்டி உருவத்த டாட்டூ போட்ட ஒரு தம்பி, எல்லா மெய்டன் ஆல்பமும் வரிசையா ஒப்பிப்பான், அவன்ட்ட மெய்டன் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் தனியா போட்ட சோலோ ஆல்பம் கேட்டுருக்கியாடான்னா, "மெய்டன் இல்லாத ப்ரூஸ் எதுக்குண்ணே"ன்னுட்டான். அவன மட்டும் சொல்லி என்ன, நம்மள்ல முக்காவாசிப் பேரு அப்டித்தான் பேசுறோம். 1993ல ப்ரூஸ் பேண்ட விட்டுப் போனாரு, 1999ல திரும்பி வந்தாரு, நடுவுல ஒண்ணும் இல்ல.

நடுவுலதான் அவரோட சோலோ ஆல்பம் "தி கெமிக்கல் வெட்டிங்" இருக்கு. 1998ல வந்துது. அதே வருஷம், ப்ரூஸ் எடத்துக்கு வந்த பாடகர் ப்ளேஸ் பெய்லிய வச்சு மெய்டனும் ஒரு ஆல்பம் போட்டாங்க, ப்ளேஸ் மேல எனக்கு நெறைய மரியாத உண்டு, ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேட்டா எதுல நெருப்பு இருக்குன்னு யாரும் சொல்லித் தர வேணாம். கிட்டார் ராய் ஸீ, கூட மெய்டன்ல வாசிச்ச நம்ம அட்ரியன் ஸ்மித், ட்யூனிங்க நல்லா எறக்கி, கிட்டார்ல கீழ இருக்குற தடிச்ச கம்பிக்குப் பதிலா பாஸ் கம்பியப் போட்டு வாசிச்சுருக்காங்க. அதனாலதான் மொத ரிஃப்பே (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) காதுல கேக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுல வந்து இடிக்குது. மெய்டன்ல இருக்குற அந்தக் குதிர ஓட்டம் இதுல கெடையாது. பெரிய பாறாங்கல்ல உருட்டிக்கிட்டே வர்ற மாதிரி ஒரு கனம், அதுக்கு மேல அந்தக் கொரலு.

ஆல்பம் முழுக்க வில்லியம் பிளேக்கோட ஒலகம். லண்டன்ல செதுக்கு வேல செஞ்ச மனுஷன், தன் கவிதைய தானே செப்புத் தகட்டுல ஏத்தி, அச்சடிச்சு, கையாலயே கலர் போட்டவரு, 1827ல சாகுறப்ப அவரு அரும பெருசா யாருக்கும் தெரியல. அட்டையில இருக்குற அந்த பயமுறுத்துற உருவம்கூட அவரு வரைஞ்ச ஓவியம்தான். இங்கிலாந்துல டெஸ்ட் மேட்ச் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி "ஜெருசலேம்"னு ஒரு பாட்டு போடுவாங்கல்ல, அது பிளேக் எழுதுன வரி. நூறு வருஷம் முன்னாடி போட்ட மெட்டுல ஒரு நாடே பாடுற அந்த வரிய எடுத்து ப்ரூஸ் புதுசா மெட்டுப் போட்டாரு, அக்குஸ்டிக் கிட்டார்ல ரகசியம் சொல்ற மாதிரி ஆரம்பிச்சு அப்புறம் மொத்தமா வெடிக்கும். எத்தன தடவ கேட்டாலும் எனக்கு அந்த எடத்துல புல்லரிக்கும். ஆல்பத்தோட பேரே ரசவாதத்துலருந்து வந்ததுதான். ரசவாதம்னா நமக்கு சித்தருங்க ஞாபகம் வரும், ஈயத்தப் பொன்னாக்குறது வெளிய தெரியுற கத, உள்ள நடக்குறது மனுஷன் மாறுறது. இந்த ஆல்பமும் அதத்தான் தேடுது, அதனால பாட்டு வரி புரியலன்னு யாரும் தள்ளிப் போக வேணாம், நமக்கு ரொம்ப பழக்கமான சமாச்சாரம்தான் இது.

எல்லா சோலோ ஆல்பமும் இப்டின்னு சொல்ல மாட்டேன், 1996ல வந்த "ஸ்கங்க்வொர்க்ஸ்" எனக்கு இன்னும் முழுசா ஒட்டல. ஆனா 1994 டிசம்பர்ல, போஸ்னியா போர் நடந்தப்ப சரயேவோ நகரம் முற்றுகைக்குள்ள மாட்டிக்கிட்டு கெடந்தப்ப, லாரில மலப்பாதை வழியா ஊருக்குள்ள போயி கச்சேரி பண்ணாரே, அப்ப அவரு கூட மெய்டன் இல்ல, பெருசா பேரு இல்லாத அந்த சோலோ பேண்டுதான் இருந்துச்சு. குண்டு விழுற ஊர்ல பாட்டு கேக்க வந்த சனத்துக்கு முன்னாடி நின்ன வருஷத்தப் போயி "கேப்"னு சொல்ல நமக்கு எப்டி வாய் வருது?

இன்னொண்ணு. மெய்டனுக்கு இங்கிலாந்துல நம்பர் ஒன் வந்த ஒரே சிங்கிள், "பிரிங் யுவர் டாட்டர்", அது ப்ரூஸ் தனியா ஒரு பேய்ப்படத்துக்குப் பண்ணுன பாட்டு, மெய்டனோட பாஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் கேட்டுட்டு பேண்டுக்கு வேணும்னு எடுத்துக்கிட்டாரு. மெய்டனோட 2015 ஆல்பத்துல மொத பாட்டு இருக்குல்ல, அதுவும் ப்ரூஸ் சோலோவுக்குன்னு எழுதி வச்சதுதான், அதோட மூல வடிவம் 2024ல "தி மேண்ட்ரேக் ப்ராஜெக்ட்"ல வந்துது. நாக்கடியில கேன்சர் வந்து மீண்ட மனுஷன், அறுபத்தஞ்சு வயசுல, பத்தொம்பது வருஷம் கழிச்சு போட்ட சோலோ. அதுக்கும் "மெய்டன் மாதிரி இல்லயே"ன்னுதான் நம்ம பக்கம் பேச்சு. மெய்டன் மாதிரி வேணும்னா அவரு மெய்டன்லயே பாடிருப்பாருங்க.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ராத்திரி, நல்ல ஹெட்ஃபோன் போட்டு, ஷஃபிள ஆஃப் பண்ணிட்டு, "கெமிக்கல் வெட்டிங்"க மொத பாட்டுலருந்து பத்தாவது வரைக்கும் வரிசையா கேளுங்க, நடுவுல போன எடுக்காதீங்க. கடைசிப் பாட்டு "தி ஆல்கெமிஸ்ட்" முடியப் போறப்ப, ரெண்டாவது பாட்டுல கேட்ட அந்தக் கோரஸ் தூரத்துலருந்து திரும்பி வரும். கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

அன்போட,
பேலஸ் கிரவுண்ட்ஸ்ல உங்க கூட நின்னவன்