படிவத்தின் முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறையில் இருப்பவர்களுக்கு விடுதலைக்கு முன்பே தொழிற்பயிற்சி தர வேண்டும் என்று வலியுறுத்திய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தர வேண்டியதுதான். ஆனால் வெல்டிங்கும் தையலும் கற்றுக்கொண்டு வெளியே வருபவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. ஒரு சரக்குக் கிடங்கின் பணியாளர் பிரிவில் ஆள் எடுக்கும் வேலையை வெகுகாலம் பார்த்தவன் நான். அந்த மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

அவர் விழுவது விண்ணப்பப் படிவத்தில். பெயர், வயது, படிப்பு, அதற்குக் கீழே ‘குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?’ என்ற கேள்வி, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ‘ஆம்’ என்று குறித்த படிவத்தை யாரும் கெட்ட எண்ணத்தோடு ஒதுக்குவதில்லை. மேசையில் ஒரு கட்டு விண்ணப்பம் கிடக்கும், எடுக்கப்போவது நாலைந்து பேரைத்தான். கழித்துவிட ஏதாவது காரணம் கிடைக்காதா என்று பார்க்கிறவருக்கு அந்தக் கட்டம் வசதியாகப் போய்விடுகிறது. என்ன வழக்கு, எந்த வருடம் என்று கேட்பதற்கு முன்பே தாள் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். சரி, ‘இல்லை’ என்று குறித்துவிட்டுச் சேர்ந்தவர் கதை என்ன? இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்த பிறகு விஷயம் தெரியவந்தால், பழைய குற்றத்துக்காக இல்லை, பொய் சொன்னதற்காக வெளியே அனுப்புவார்கள். அதைச் சட்டப்படி தப்பு என்றும் சொல்ல முடியாது.

இது ஒரு கிடங்கின் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் நடத்திய சோதனையின் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. வெள்ளையர் இருவர், கறுப்பினத்தவர் இருவர். எல்லோருக்கும் ஒத்த தகுதி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர், மாறி மாறி, போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் சிறையில் இருந்ததாகச் சொல்லி வேலை கேட்டார். வெள்ளையரில் வழக்கில்லாதவருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, வழக்குள்ளவருக்கு 17. கறுப்பினத்தவரில் அது 14, 5. சிறைக்கே போகாத கறுப்பின இளைஞரைவிடப் போய்வந்த வெள்ளையருக்கு அழைப்பு அதிகம். இந்த ஒன்றை நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

அப்படியானால் படிவத்திலிருந்து கேள்வியைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். ஹவாய் மாநிலம் 1998லேயே அதைச் செய்தது: வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் முதலாளி அதைக் கேட்கலாம். பின்னர் பல மாநிலங்கள் இதே வழிக்கு வந்தன. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் இந்தச் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். கட்டம் இருந்த நிறுவனங்களில் முன்பு வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரைவிட 7 சதவீதம்தான் கூடுதலாக அழைப்பு வந்தது. கட்டத்தை எடுத்த பிறகு அது 43 சதவீதமானது. கேட்க முடியாததை முதலாளிகள், இன்ன இனத்தவர் என்று காட்டிக்கொடுக்கும் பெயரை வைத்து ஊகிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பயம் அப்படியே இருக்க, கேள்வியை மட்டும் மறைத்தால் இப்படித்தான் ஆகும்.

அதனால் நான் கேட்பது இதுதான். கேள்வி கடைசியில் வரட்டும். பதிலை எடைபோட எழுதப்பட்ட விதி ஒன்றும் இருக்கட்டும். என்ன குற்றம், எவ்வளவு காலம் ஆயிற்று, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1975இலேயே ஒரு ரயில்வே நிறுவன வழக்கில் சொன்ன அளவுகோல்தான் இது. கையாடல் செய்தவரைக் கல்லாவில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. குழந்தைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை என்றால் முதலிலேயே தோண்டித் துருவட்டும். ஆனால் இருபது வயதில் அடிதடியில் உள்ளே போனவர் முப்பத்தைந்தில் பெட்டி தூக்க வந்தால் என்ன ஆபத்து?

காலம் ஆக ஆக ஆபத்து குறைகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 18 வயதில் வீடு புகுந்து திருடிக் கைதானவர் சுமார் நான்கு ஆண்டுகள், வழிப்பறியில் கைதானவர் சுமார் எட்டு ஆண்டுகள் வேறு வழக்கில்லாமல் இருந்துவிட்டால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவர்களின் அளவுக்கு இறங்கிவிடுவதாக நியூயார்க் மாநிலத் தரவை வைத்து 2009இல் காட்டினார்கள். பிரிட்டனில் இதற்கு 1974லிருந்தே சட்டம் உண்டு. 2023 மாற்றத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓராண்டு வரையான சிறைத்தண்டனை முடிந்து இன்னும் ஓராண்டு குற்றமில்லாமல் போனால், பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளியின் பயத்தையும் அலட்சியமாகப் பேசக் கூடாது. ‘நாளைக்குப் பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு?’ என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் எழாமல் இருந்ததே இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறை 1966லிருந்து இதற்கென்றே ஒரு நஷ்ட உத்தரவாதத் திட்டம் நடத்துகிறது. முதல் ஆறு மாதத்துக்கு, முதலாளிக்குச் செலவே இல்லாமல், திருட்டு, மோசடியால் ஏற்படும் நஷ்டத்துக்குக் குறைந்தது 5,000 டாலர் வரையாவது ஈடு கிடைக்கும். புத்திமதியைவிட இது நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

வேலை கிடைத்த பிறகு வரும் சின்னச் சின்ன இடைஞ்சல்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் கிடங்கில் நிபந்தனையின்பேரில் விடுதலையான ஒருவர் இருந்தார். வாரம் ஒரு நாள் காலையில் அவர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதே நேரம்தான் ஷிப்ட் தொடக்கம். அங்கே வரிசையில் நின்றுவிட்டு வந்தால் அரை நாள் ஆப்சென்ட். மாதத்தில் நாலு அரை நாள் போனால் மேற்பார்வையாளர் ‘ஆள் ஒழுங்காக வருவதில்லை’ என்று எழுதிவிடுவார். அவரை அந்த நாளில் மட்டும் பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றினோம், ஒரு பைசா செலவில்லை. அப்புறம், அவருடைய கோப்பு மட்டும் தனிப் பூட்டுள்ள அலமாரிக்குப் போனது. கூட வேலை செய்பவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர், நாங்கள் இல்லை.

இன்னொன்று, சம்பளம். வெளியே வருபவர் கையில் அநேகமாக ஒன்றும் இருக்காது. முதல் சம்பளத்துக்கு மாதக் கடைசி வரை காத்திருக்கச் சொன்னால் அவர் கடன் வாங்கத்தான் வேண்டும். அந்த நிலையில் கடன் கொடுக்க வருகிறவர்கள் யாராக இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு மாதமாவது வாரச் சம்பளம் போடலாம். கணக்குப் பிரிவு முனகும், ஆனால் செய்ய முடியாத காரியமில்லை.

பயிற்சி பற்றி எழுதிய நீங்கள் அடுத்து ஆள் எடுப்பவர்களையும் மேற்பார்வையாளர்களையும் பேட்டி கண்டு வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பணியாளர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகன்