குதித்தவர்களை மறந்துவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் 'தி கிரேட் எஸ்கேப்' படம் பற்றிய கட்டுரையில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் நடத்திய சாகன் போர்க்கைதிகள் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி முதலில் தப்பியது 1944 மார்ச்சில்தான் என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அதே முகாமிலிருந்து 1943 அக்டோபர் 29 அன்றே எரிக் வில்லியம்ஸ், மைக்கேல் காட்னர், ஆலிவர் பில்பாட் மூவரும் சுரங்கம் வழியே வெளியேறி, ஸ்வீடன் போய்ச் சேர்ந்து, ஊர் திரும்பினார்கள். அதைத்தான் ஜாக் லீ 1950இல் 'தி வுட்டன் ஹார்ஸ்' (மரக்குதிரை) என்று படமாக்கினார். தங்களுக்குத் தெரியாததா?

நான் முப்பத்தோரு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன். பையன்கள் தாண்டிக் குதிக்கிற மரப்பெட்டியை மைதானத்துக்குத் தூக்கிப் போக நாலு பேர் வேண்டும். அப்படி ஒரு பெட்டியை வைத்துத்தான் சாகனில் அந்தச் சுரங்கத்தைத் தோண்டினார்கள்; அங்கே பெட்டிக்குள் ஆளும் இருப்பான். திரும்பும்போது ஆளோடு மண் மூட்டையும் சேர்ந்துகொள்ளும். மேலே மற்றவர்கள் குதிக்கக் குதிக்க, கீழே கிண்ணத்தால் தோண்டினார்கள். தோண்டும் அதிர்வைப் பிடிக்க ஜெர்மானியர்கள் தரையில் வைத்திருந்த கருவிகளை ஏமாற்றியது அந்தக் குதிப்புதான். வயிறாரச் சாப்பிட்ட என் பையன்களே அரை மணி நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களோ முகாமின் அரைவயிற்றுச் சாப்பாட்டில் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை குதித்தார்கள். அதுவும், தாங்கள் தப்பப்போவதில்லை என்று தெரிந்தே!

1944இல் வெளியேறிய 76 பேரில் மூவர்தான் பிடிபடாமல் தப்பினார்கள். பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் வேலியைத் தாண்டும் புகைப்படத்தைப் போட்டு 'உண்மைச் சம்பவம்' என்று எழுதலாமா? அப்படி ஒரு தாண்டல் நடக்கவே இல்லையே.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு குவாய் நதிப் பாலம் படத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள். இலங்கையில் கித்துல்கலையில் எடுத்த படத்தைத் தாய்லாந்தில் எடுத்ததாகப் போட்டீர்கள். அந்தப் பாலம் வழியே ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை. சரி, இடமில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அப்புறம் சினிமாப் பக்கத்தையே பாதியாகக் குறைத்து விளம்பரத்துக்குக் கொடுத்தீர்கள். அதற்கும் நான் சந்தாவை நிறுத்தவில்லை.

அடுத்த இதழில் எந்த மூலையிலாவது நாலு வரித் திருத்தம் போடுங்கள். 1943 என்ற வருடமும் அந்த மூன்று பெயர்களும் பிழையில்லாமல் வந்தால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விருதுநகர்.