சமுதாயக் கூடத்துக் கழிப்பறைப் பூட்டைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
எங்கள் பகுதி சேவைச் சங்க உறுப்பினர்கள் சார்பில் செயலாளர்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்.

பொருள்: சமுதாயக் கூடத்தின் பின்புறக் கழிப்பறையைத் திறந்து தருவது சம்பந்தமாக.

பார்வை: எங்களுடைய முந்தைய மூன்று மனுக்கள். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, எழுத்தில் பதில்தான் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களையும் உங்களுக்குத் தெரியும், அந்த இடமும் தெரியும். கூடத்துக்குப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு இரண்டு என்று ஐந்து அறைகள் கட்டி, திறப்பு விழா நடத்தி, கல்வெட்டும் பதித்தார்களே, அந்தக் கழிப்பறையைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறோம். கல்வெட்டில் இருப்பது உங்களுக்கு முன்னால் இருந்தவரின் பெயர், அதனால் இது உங்கள் காலத்தில் ஆரம்பித்த தவறு இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பூட்டு உங்கள் காலத்திலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

போன தடவை மனு கொடுக்க வந்தபோது முன்மேசையில் ‘நீங்க யாரு, என்ன செய்றீங்க’ என்று கேட்டார்கள். அதனால் சங்கத்தின் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு ரத்ததான முகாம். வருடத்துக்கு இரண்டு கண் பரிசோதனை முகாம். பழைய பாடப்புத்தகங்களை வாங்கி அட்டை போட்டு அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நோயாளிக் கட்டில் ஆகியவற்றை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்குவது (திரும்ப வாங்குவதுதான் பெரிய வேலை). கர்ப்பிணிகளுக்கான சர்க்கரைப் பரிசோதனை இந்த வருடம் புதிதாகத் தொடங்கியது. எல்லாமே அந்தக் கூடத்தில்தான் நடக்கிறது. கூடத்தை இலவசமாகத் தருகிறீர்கள், மின்விசிறி ஓடாதபோது ஆள் அனுப்பிச் சரி செய்து கொடுத்தீர்கள், அதற்கெல்லாம் நன்றி. தெருவிளக்கு, வாசலில் தேங்கும் மழைத்தண்ணீர், நாய்த்தொல்லை எதைப் பற்றியும் இன்றைக்குக் கேட்கப்போவதில்லை. அதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். கேட்பது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பூட்டு.

1. ரத்ததானம். ஒருவரிடம் 350 அல்லது 450 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மயக்கம் வருவது குறையும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், நாங்களும் ஒவ்வொரு முகாமுக்கும் முதல் நாளே செய்தி அனுப்பி ஞாபகப்படுத்துகிறோம். ஆண்கள் குடிக்கிறார்கள். பெண்கள் குடிப்பதில்லை. போன முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்த ஒரு கல்லூரி மாணவி அப்படியே கதவருகே சரிந்துவிட்டாள். கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, தெளிந்ததும் நர்ஸ் கேட்டார், தண்ணி குடிச்சியாம்மா என்று. ‘அங்க பாத்ரூம் பூட்டியிருக்கும்னு அம்மா சொன்னாங்க, அதான் காலையிலேர்ந்தே குடிக்கலை’ என்றாள். இது உடம்பு பலவீனத்தால் வந்த மயக்கம் இல்லை ஐயா, பூட்டால் வந்த மயக்கம். அவள் இனிமேல் வருவாளா என்பது சந்தேகம்தான். ரத்தம் ஒருமுறை சேர்த்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய சரக்கும் இல்லை. பிளேட்லெட் பெரும்பாலும் ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணுக்களே ஐந்தாறு வாரம்தான். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தால்தான் வண்டி ஓடும்.

2. கண் முகாம். வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள், பலருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உண்டு. நீர் மாத்திரை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள், அதன் பிறகு நான்கைந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், வெயில் பட்டால் கண் கூசும். அந்த நிலையில் ஒரு பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய், பூட்டியிருக்கிறது என்பது கைக்குத் தெரிந்ததும், வாய்க்கால் ஓரமாக ஒதுங்கப் பார்த்திருக்கிறார். கல் இடறி விழுந்து முழங்கால் கிழிந்தது. கண்ணைக் காட்ட வந்தவர் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு போனார். மூன்றாவது மனுவில் இதை எழுதியிருந்தோம். படித்தீர்களா என்று தெரியவில்லை.

3. இதுதான் எங்களை இந்த மனுவை எழுத உட்கார வைத்தது. கர்ப்பிணிகளுக்கான சர்க்கரைப் பரிசோதனையில் 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்றால் முடியாது, நடந்து அலைந்தால் அளவு மாறிவிடும், உட்கார்ந்தே இருக்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆறு, ஏழு மாதக்காரர்கள். குழந்தை கீழே அழுத்துகிற மாதம், சும்மா இருந்தாலே அரை மணிக்கு ஒரு தடவை போகத் தோன்றும். அவர்களுக்குத்தான் 300 மில்லி தண்ணீரும் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவும் சொல்லி, போவதற்கு இடமும் இல்லாமல் வைத்திருக்கிறோம். நாங்கள் செய்வது சேவையா கொடுமையா என்று எங்களுக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது.

அன்றைக்கு 23 பேர் வந்திருந்தார்கள். ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியில் இருந்த பெண் கைப்பையை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ பேச்சுக் கொடுக்க, பதிலே சொல்லவில்லை. பேசினால் அடக்க முடியாது போலிருந்திருக்கிறது. எங்கள் உறுப்பினரைக் கூப்பிட்டு ‘அக்கா இன்னும் எவ்வளவு நேரம்’ என்றார். நாற்பது நிமிடம். ‘நாற்பதா’ என்று ஒரே வார்த்தை. நெற்றியெல்லாம் வேர்வை. அப்புறம் எழுந்து, யாரையும் பார்க்காமல், மெதுமெதுவாகக் கால் எடுத்து வைத்து வாசலுக்குப் போனார், போனவர் வரவில்லை. எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக முதல் கட்டத்தில் எண் இருக்கிறது, இரண்டு மணி நேரம் கழித்து எழுத வேண்டிய இரண்டாவது கட்டம் காலி. அப்படிக் காலியான கட்டங்கள் அன்றைக்கு மட்டும் ஆறு. அந்த ஆறு பேரில் யாருக்குச் சர்க்கரை இருந்தது என்பது எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பிரசவத்தின்போதுதான் தெரிய வரும் என்றால் அந்த முகாம் எதற்கு?

எதிர்வீட்டு அம்மா இரண்டு முகாமுக்குத் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். மூன்றாவது தடவை அவர் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தது. அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்.

4. சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆளுக்கு ஒரு சின்னக் குப்பி கொடுக்கிறோம், புரதம் போகிறதா என்று பார்க்க. குப்பியை வாங்கிக்கொண்டு எங்கே போவது என்று கேட்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், எங்கே?

5. காரணங்கள். முதல் மனுவுக்கு வாய்மொழியாக வந்த பதில், மோட்டார் பழுது. சரி, நாங்களே எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்து பார்த்தோம், மோட்டார் ஓடுகிறது. இரண்டாவது மனுவுக்கு, கழிவுத்தொட்டி நிரம்பிவிட்டது என்றார்கள். ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத கழிப்பறையின் தொட்டி எதனால் நிரம்பும் என்று கேட்டோம், சிரித்தார்கள். மூன்றாவது தடவை, சாவி ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது என்றார்கள். ஒப்பந்தக்காரரைத் தேடிப்பிடித்தால், அன்றைக்கே ஆபீஸில் ஒப்படைத்துவிட்டேன், கையெழுத்துகூட வாங்கியிருக்கிறேன் என்கிறார். இப்போது கடைசியாகச் சொல்வது, ஃபைல் நகர்கிறது. ஃபைல் நகரட்டும் ஐயா, நல்லது, ஆனால் ஒரு சாவியை எடுத்து ஒரு பூட்டில் போட்டுத் திருப்புவதற்கு ஃபைல் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும்? காற்றுக்காக வைத்த கண்ணாடிப் பட்டை வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே பீங்கான் மேல் கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல் அப்படியே இருக்கிறது. தரை ஓட்டில் கொத்தனாரின் சிமெண்ட் கால்தடம் ஒன்று. அவருக்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் கால் வைக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள். ஐ.நா. சபையே 2013-ல் அறிவித்தது. அன்றைக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பேனரோடு வந்து, அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். போட்டோவில் எங்கள் தலைவரின் தோளுக்கு மேல் பூட்டு தெளிவாகத் தெரிகிறது, வேண்டுமானால் பெரிதாக்கிப் பாருங்கள்.

6. ஒரு கழிப்பறைக்காக ஒரு சேவைச் சங்கம் இவ்வளவு மல்லுக்கட்டுவதா என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். மரக்கன்று நடலாமே என்றும் சொன்னார். நட்டிருக்கிறோம். அவருக்காக ஒரு விஷயம். உலகத்தின் முதல் ரோட்டரி சங்கம் 1905-ல் சிகாகோவில் தொடங்கியது. 1907-ல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுப்பணியே நகரத்தில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்பதுதான். இன்றைக்குப் போலியோ ஒழிப்புக்குப் பெயர் வாங்கிய இயக்கம் அங்கேயிருந்துதான் கிளம்பியது. அவர்களுக்காவது கழிப்பறை இல்லாமல் இருந்தது. எங்களுக்கு இருக்கிறது, பூட்டியிருக்கிறது. எது மோசம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

7. சாவி.

8. கோபத்தில் எழுதுகிறோம் என்று நினைக்க வேண்டாம். சரி, கோபம்தான். பூட்டை உடைத்துவிடலாம் என்று சங்கத்து இளைஞர்கள் இரண்டு தடவை கிளம்பினார்கள், பொதுச்சொத்து, கை வைக்கக் கூடாது, முறையாக மனு கொடுத்து வாங்குவோம் என்று பெரியவர்கள்தான் தடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முகாம் முடிந்ததும் அவர்கள் எங்களைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியவில்லை. முறையாகக் கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நாங்கள் இல்லை ஐயா.

நாங்கள் கேட்பது நிதி இல்லை, புதுக் கட்டடம் இல்லை, ஆள்கூட இல்லை. தினமும் திறந்து வைக்க முடியாவிட்டால் முகாம் நாட்களில் மட்டுமாவது காலை ஆறு மணிக்கு அந்தச் சாவியை எங்களிடம் கொடுங்கள், மாலையில் கழுவித் துடைத்து, பூட்டி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். சுத்தம் செய்வது, பல்பு மாட்டுவது, வாளி, சோப்பு எல்லாம் எங்கள் பொறுப்பு. இதை எழுத்துமூலமாகவே தருகிறோம். சாவி தொலைந்துபோயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, புதுப் பூட்டு ஒன்று நாங்களே வாங்கி, ஒரு சாவியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்த கர்ப்பிணிகள் முகாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. போன முறை எழுந்து போன ஆறு பேரையும் நேரில் பார்த்து மறுபடி அழைத்திருக்கிறோம். ‘பாத்ரூம் திறந்திருக்குமா’ என்பதுதான் ஆறு பேரும் கேட்ட முதல் கேள்வி. இருக்கும் என்று சொல்லிவிட்டோம். உங்களை நம்பித்தான் சொன்னோம், எங்களைப் பொய்யர்களாக்கிவிடாதீர்கள். தயவுசெய்து சனிக்கிழமைக்குள் திறந்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள் சார்பில்,
செயலாளர்.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல், நவம்பர் 19 எடுத்த போட்டோ.

குறிப்பு: பூட்டைத் திறக்க வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெண்கள் பக்கத்துப் பூட்டின் சாவித்துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. கையை வைப்பதற்கு முன்னால் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.