பாட்டுக்குப் பாட்டு 1993-இல் பிறக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொலைக்காட்சித் தொகுப்பாளர்களைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை போட்டிருக்கிறீர்கள். அதில் பி. எச். அப்துல் ஹமீது அவர்களுக்குக் கிடைத்தது நான்கே வரி. அந்த நான்கில் ஒன்று, 'சன் டிவியின் பாட்டுக்குப் பாட்டு மூலம் அறிமுகமானவர்' என்கிறது. படித்ததும் இதழை மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

யாருக்கு அறிமுகமானவர் ஐயா? சன் தொலைக்காட்சி தொடங்கியது 1993 ஏப்ரல் 14-இல். அதற்கு முன்பே எங்கள் தெருவில் ஒரு தலைமுறை அவர் குரலைக் கேட்டு வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றுவிட்டது. இலங்கை வானொலியின் சிறுவர் மலரில் பிள்ளையாக நுழைந்து, நாடகத்தில் நடித்து, நாடகம் தயாரித்து, அறிவிப்பாளராக உயர்ந்தவர் அவர். பாட்டுக்குப் பாட்டே வானொலியில் நடந்த நிகழ்ச்சிதான். தொலைக்காட்சி அதை எடுத்துக்கொண்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரை எழுதியவருக்குச் சின்ன வயதாக இருக்கலாம். ஆனால் அதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவர்களும் விட்டுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் எமனேஸ்வரத்துக்காரி. பரமக்குடிக்கு வைகையின் அக்கரை. 1971-இல் ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தார் சுற்ற, அதாவது தறிக்கு நூல் சுற்ற, உட்கார வைத்தார்கள். பிறகு தறியில் இறங்கினேன். வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம். கடைத்தெருவில் பேசுகிற அளவுக்குத் தமிழ் தெரியும், அவ்வளவுதான். ழகரம் நாக்கில் வராது. 'வாளைப்பளம்' என்று சொல்லிச் சந்தையில் சிரிப்பு வாங்கியவள் நான்.

குழித்தறிக்குப் பக்கத்து மாடத்தில் அப்பா ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். அதற்கு லைசென்ஸ் புத்தகம் உண்டு. தபால் ஆபீசில் பணம் கட்டி முத்திரை குத்தி வருவார். பாட்டரி இறங்கினால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். முள் எப்போதும் இலங்கையில்தான் நிற்கும். பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி தொடங்கும்போது தறிப் பாவில் கை வைத்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். 'நீங்கள் கேட்டவை' நிகழ்ச்சி முடிவதற்குள் இத்தனை முழம் நெய்திருக்க வேண்டும் என்பது எனக்கு நானே வைத்த கணக்கு. சிற்றலை ஆனதால் சத்தம் ஏறும், இறங்கும். இறங்குகிற நேரம் தறியில் ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பேன்.

அந்த அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டைப் போடுமுன் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதிய கவிஞர் என்று எல்லாரையும் சொல்வார்கள். கவிஞர் என்று ஒருவர் இருக்கிறார், பாட்டு தானாக முளைப்பதில்லை என்பதே எனக்கு அப்படித்தான் தெரியும். அப்துல் ஹமீது அவர்கள் 'தமிழ்' என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, தறிச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காமல் நானும் சொல்லிப் பார்ப்பேன். எத்தனை மாதம் ஆயிற்றோ, ஒரு நாள் சரியாக வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன் என்றால், எழுத்து ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கொடுத்தது. மற்றதெல்லாம் கொழும்பிலிருந்து வந்தது.

ஒருமுறை பாட்டுக் கேட்டு அக்கா ஒரு கார்டு போட்டாள். சாதாரண உள்நாட்டுக் கார்டு. அது திரும்பி வந்துவிட்டது. வெளிநாட்டுக்குத் தபால்தலை கூட ஒட்ட வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுபடி போட்டோம். நாலு வாரம் கழித்து ஒரு மத்தியானம், அக்கா பெயரோடு 'எமனேஸ்வரம்' என்று ஊர்ப் பெயரையும் சுத்தமாகப் படித்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரை யாரும் அவ்வளவு மரியாதையாகச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. அக்கா இப்போது இல்லை. அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த மத்தியானம்தான் எங்கள் வீட்டில் முதலில் வரும்.

உங்கள் கட்டுரையில் இன்னொரு வார்த்தையும் உறுத்துகிறது. அவருடைய பேச்சை 'கேட்கச் சுவையான இலங்கைத் தமிழ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம் சினிமாவில் வேடிக்கைக்குப் பயன்படுத்துகிற பேச்சோடு சேர்த்துவிட்டீர்கள். அவர் நிகழ்ச்சி நடத்திய தமிழ், எந்த ஊர்க்காரரும் தடையில்லாமல் புரிந்துகொண்ட தமிழ். மேடையில் ஒரு பிள்ளை அடி மறந்து நின்றால் கூட்டம் சிரிப்பதற்கு முன் அவர் பேச்சுக் கொடுத்து அதைக் காப்பாற்றிவிடுவார். இன்றைய பாட்டுப் போட்டிகளில் தோற்ற பிள்ளை அழுவதைக் கேமரா கிட்டப் போய்க் காட்டுகிறது. எழுதிய கவிஞர் பெயர் எத்தனை நிகழ்ச்சியில் வருகிறது? ழகரத்தை நான் இங்கே எடுக்கவில்லை. எடுத்தால் கடிதம் முடியாது.

வானொலி என்றால் உங்களுக்கெல்லாம் ஏனோ தொலைக்காட்சிக்கு ஏறுகிற படிக்கட்டு. கொழும்பு வானொலி 1925-இல் தொடங்கியது. 1950-களில் கேஸ்கர் டெல்லியில் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. அந்தப் பாட்டுகளை இந்தியா முழுவதும் கொழும்பிலிருந்துதான் கேட்டது. நம் அரசுக்கு அது உறைத்து, சினிமாப் பாட்டும் போடுகிற விவித் பாரதி வானொலி வந்தது 1957-இல். பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு இந்த வரலாறு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் எழுதாமல் இருப்பதுதான் மனதைச் சுடுகிறது.

இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா 1989-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவருடைய 'திரை விருந்து' நிகழ்ச்சிக்காகச் சோற்றுத் தட்டோடு ரேடியோ முன் உட்கார்ந்த வீடுகள் எங்கள் பக்கம் எத்தனையோ. 2012-இல் அதே வானொலியின் அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம் அம்மா மறைந்தார்கள். எனக்குத் தாய் போனது போல இருந்தது. அப்போது உங்கள் இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு வரி இல்லை. இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அதுவும் வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்துல் ஹமீது அவர்கள் இறந்துவிட்டதாக 1983 இலங்கைக் கலவரத்தின்போதே வதந்தி வந்தது. இப்போது செல்போன் காலத்திலும் அதே வதந்தி சுற்றி, தான் உயிரோடு இருப்பதாக அவரே பேசிச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று என் பேரன் போனில் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. உயிரோடு இருக்கிற மனிதரின் பாதி வாழ்க்கையை இப்போது நீங்கள் ஒரே வரியில் எடுத்துவிட்டீர்கள். அவரைக் கேட்டவர்களான எங்களையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் அறிவிப்பாளராகப் புகழ்பெற்றவர், பாட்டுக்குப் பாட்டு அங்கே ஒலித்த நிகழ்ச்சி' என்று இருந்தால் போதும். கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வந்தால் எங்கள் தெருப் பெரியவர்களுக்குக் கண்ணாடி போட்டுப் படிக்க முடியும். படத்தின் கீழே 'ஹமித்' என்று அச்சாகியிருப்பதையும் சரிசெய்யுங்கள்.

கடிதம் நீளம் என்று தோன்றினால் என் கதையை எடுத்துவிடுங்கள், திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2012-இல் அனுப்பிய கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
30 ஆண்டு வாசகி, கைத்தறி நெசவாளி,
எமனேஸ்வரம், பரமக்குடி.