பள்ளித் தூய்மைப் பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போடக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
ஆசிரியைகள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழுவினர்,
அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, சந்தைப்பேட்டைச் சாலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொதுத்தேர்வின்போது தாங்கள் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். கிழக்குச் சுவரை ஒட்டிய சிறு சந்தினையும், அங்குள்ள சிறு மருத்துவமனையையும், ரத்தப் பரிசோதனை நிலையத்தையும் தாங்கள் அறிவீர்கள். முந்தைய மனுக்களுக்கு ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்பதற்கு மேல் பதில் இல்லாததால், பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. அந்தச் சந்திலிருந்து ஊசிகளும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் பாலித்தீன் பைகளில் எங்கள் வளாகத்துக்குள் வீசப்படுகின்றன. ஊசிகளைத் துளைபடாத பெட்டியில் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்.

2. நாப்கின் எரியூட்டி பழுதாகிக் கிடக்கிறது. கழிப்பறைத் தொட்டிகளில் சேர்வதை எல்லாம் பணியாளர்கள் வெறுங்கையால்தான் அள்ளுகிறார்கள். விளையாட்டில் விழுந்து அடிபடும் பிள்ளைகளின் காயத்தை நாங்களும் வெறுங்கையால்தான் துடைக்கிறோம்.

3. சென்ற பருவத்தில் சுவரோரம் பெருக்கிய பணியாளரின் விரலில் ஊசி குத்தியது. அவர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. விஷயம் வெளியே கசிந்ததும், அவரை நிறுத்திவிடுங்கள் என்று சில பெற்றோர் வந்து நின்றார்கள். சோப்பு போட்டுக் கழுவி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவருக்கு மறுநாள் மாலைதான் கிடைத்தது. 28 நாட்களும் குமட்டலோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டே, கூலி போய்விடும் என்று வேலைக்கும் வந்தார். வீட்டில் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டால் பரவாது அக்கா என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் மனம் கேட்கவில்லை. இன்னும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கிறார்.

ஐயா, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி கிருமி உலர்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாட்கள் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவர்களுக்கு அக்கிருமியுள்ள ஊசி குத்தினால் நூற்றில் முப்பது பேருக்கு வரை நோய் தொற்றலாம். ஆறு மாதத்தில் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் சேர்ந்தது 2011இல். நாற்பது வயதைத் தாண்டிய இப்பெண்களுக்கு அது எப்படிக் கிடைத்திருக்கும்?

4. மருத்துவக் கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு மருத்துவமனைகள் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போட வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஊசியை அள்ளினால் பாதுகாப்பு உண்டு. இந்தப் பக்கம் அள்ளினால் இல்லையா? நாங்கள் கேட்பது கட்டடமா, வாகனமா? இன்னொருவர் விரலில் ஊசி குத்திய பிறகுதான் கோப்பு நகருமா? கடுமையாக எழுதுவதாகத் தாங்கள் நினைத்தாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

5. பணியாளர்களுக்குக் கையுறை, இடுக்கி, பிளீச்சிங் பவுடர் ஆகியவையும் வேண்டும்.

6. ஊசி குத்தினால் எங்கே, யாரிடம் உடனே போவது என்று எழுதிய பலகையும் பள்ளியில் வேண்டும்.

ஆகவே, பள்ளித் தூய்மைப் பணியாளர்களுக்கும் விரும்பும் ஆசிரியர்களுக்கும் பள்ளியிலேயே முகாம் நடத்தி மூன்று தவணைத் தடுப்பூசியையும் போட்டு முடிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். சுவர் தாண்டிக் கழிவு வீசுவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறும் வேண்டுகிறோம். எரியூட்டி காத்திருக்கட்டும் ஐயா, தடுப்பூசிக்கு மட்டுமாவது இந்த வாரமே உத்தரவிடுங்கள். மீண்டும் கேட்டுக்கொள்கிறோம், இந்த மனுவையும் துறைக்கு அனுப்பிவிட்டு முடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆசிரியைகள், பள்ளி மேலாண்மைக் குழுவினர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)